சித்தேரி மலையில் பெண் கல்வி

சித்தேரி மலையில் பெண் கல்வி என்னும் இக்கட்டுரை, தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டத்தில் உள்ள சித்தேரி மலைச் சிற்றூர்களில் வாழும் பழங்குடிச் சிறுமியரின் பள்ளிக் கல்வியையும் அதற்கு உள்ள தடைகளையும் பற்றியது. பள்ளிகள், விடுதிகள், கட்டணமில்லாக் கல்வி, உணவு, உதவித்தொகை ஆகியவை அரசால் வழங்கப்பட்டு வரினும், இம்மலைப் பகுதியில் சிறுமியர் பள்ளியில் இருந்து இடைநிற்பது தொடரும் சிக்கலாக உள்ளது. தொடக்க வகுப்புகளில் சேரும் சிறுமியரை 14 வயதுக்குப் பின்னரும் பள்ளியில் தக்க வைத்துக்கொள்வதே இங்குள்ள முதன்மையான அறைகூவலாகும்.

போர் நடைபெறும் நாடுகளில் பெண் கல்விக்கு ஏற்படும் இடர்கள் உலகளவில் பேசப்படுகின்றன. போர் இல்லாத ஒரு மாநிலத்திலும், சாலை, விடுதி, வறுமை, இளவயதுத் திருமணம், சீருடை அணிந்தோர் மீதான அச்சம் ஆகியவை ஒன்றுசேர்ந்து அத்தகைய விளைவைத் தோற்றுவிக்க முடியும் என்பதற்குச் சித்தேரி ஓர் எடுத்துக்காட்டு ஆகும்.

நிலமும் மக்களும்

சித்தேரி மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி ஆகும். அரூர் நகருக்கு அருகில் அமைந்த இம்மலையின் மீது சித்தேரி ஊராட்சிக்கு உட்பட்ட பல சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. அரசநத்தம், கலசப்பாடி, கருக்கம்பட்டி முதலியன அவற்றுள் சில. மலையின் அடிவாரத்தில் வாச்சாத்தி என்னும் ஊர் உள்ளது.

இங்கு வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி எனப்படும் பழங்குடியினர் ஆவர். இப்பெயர் மலையை ஆள்பவர் அல்லது மலையில் வாழ்பவர் என்று பொருள்படும். இவர்களுக்கும் கேரளத்தின் மலையாள மொழி பேசுவோருக்கும் தொடர்பு இல்லை. இவர்களது தாய்மொழி தமிழே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் பழங்குடியினர் ஏறத்தாழ 7.95 இலட்சம் பேர். அவர்களுள் எண்ணிக்கையில் மிகுந்தோர் மலையாளிகள் ஆவர். சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லி மலை, பச்சை மலை, சவ்வாது மலை ஆகியவற்றிலும் இவர்கள் வாழ்கின்றனர்.

சாமை, கேழ்வரகு, மரவள்ளி ஆகியவற்றைப் பயிரிடுவதும், புளி, தேன், கடுக்காய் போன்றவற்றைச் சேகரிப்பதும் மலைமக்களின் மரபான வாழ்வாதாரங்கள். மழையை நம்பிய சிறு நிலங்களில் விளைவது ஆண்டு முழுவதற்கும் போதுவதில்லை. ஆகவே குடும்பங்கள் கூலி வேலைக்காகச் சமவெளிக்கும் பிற மாவட்டங்களுக்கும் அண்டை மாநிலங்களுக்கும் செல்கின்றன.

பிற இடங்களின் பழங்குடிக் குழந்தைகள் பலருக்கு வீட்டு மொழி வேறு, பள்ளி மொழி வேறு என்னும் இடர் உண்டு. சித்தேரிக் குழந்தைகளுக்கு அவ்விடர் இல்லை. ஆயினும் இடைநிற்றல் தொடர்வதால், அதன் காரணங்களை வகுப்பறைக்கு வெளியிலேயே பெரிதும் தேட வேண்டியுள்ளது.

எழுத்தறிவுத் தரவுகள்

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு வீதம் ஏறத்தாழ 80 விழுக்காடு. தருமபுரி மாவட்டத்தின் வீதம் ஏறத்தாழ 68.5 விழுக்காடு, மாநிலத்தின் மாவட்டங்களுள் இதுவே மிகக் குறைந்தது.

மாநில அளவில் பழங்குடியினரின் நிலை பின்வருமாறு:

2001: மொத்தம் 41.5 விழுக்காடு, ஆண்கள் 50.2, பெண்கள் 32.8
2011: மொத்தம் 54.3 விழுக்காடு, ஆண்கள் 61.8, பெண்கள் 46.8

2011 இல் மாநிலப் பெண்கள் அனைவரின் எழுத்தறிவு வீதம் ஏறத்தாழ 73.4 விழுக்காடு. எனவே பழங்குடிப் பெண்கள் அதைவிட 26 புள்ளிகளுக்கு மேல் பின்தங்கியிருந்தனர். பத்து ஆண்டுகளில் 14 புள்ளிகள் உயர்ந்தது குறிப்பிடத்தக்க முன்னேற்றமே. ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தோர் அனைவரும் எழுத்தறிவு பெற்றோராகவே கணக்கிடப்படுவர். ஐந்தாம் வகுப்புடன் நின்ற சிறுமியும் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவரும் இக்கணக்கில் ஒன்றே. ஆதலால் எழுத்தறிவு வீதம் உயர்வதைக் கொண்டு மட்டும் மேல்நிலைக் கல்வியும் உயர்ந்துவிட்டது எனக் கொள்ள இயலாது.

நான்கு ஆண்டு இடைவெளி

குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009 இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இச்சட்டம் 6 முதல் 14 வயது வரை பொருந்தும். எட்டாம் வகுப்பு முடியும் வரை குழந்தைக்குக் கல்வி வழங்குவது அரசின் கடமை ஆகும்.

குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006 இல் இயற்றப்பட்டு, 2007 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி பெண்ணின் திருமண வயது 18 ஆகும். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016 இல் திருத்தப்பட்டபோது, 14 வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவது தடை செய்யப்பட்டது. ஆயினும் பள்ளி நேரம் தவிர்த்துக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு உண்டு. 14 முதல் 18 வயது வரையிலானோரை இடர் மிகுந்த தொழில்களில் ஈடுபடுத்துவது மட்டுமே தடை செய்யப்பட்டுள்ளது.

இம்மூன்று சட்டங்களையும் சேர்த்து நோக்கினால் ஓர் இடைவெளி புலப்படும். 14 வயது முடிந்த சிறுமியைப் பள்ளியில் வைத்திருக்கும் கடமை சட்டப்படி முடிந்துவிடுகிறது. அவள் பல வேலைகளுக்குச் செல்லலாம். ஆனால் திருமணம் செய்துகொள்ள மேலும் நான்கு ஆண்டுகள் உள்ளன. பள்ளியும் இல்லாமல், திருமணமும் சட்டப்படி இயலாமல் நிற்கும் இந்த நான்கு ஆண்டுகளிலேயே கீழே விவரிக்கப்படும் தடைகள் பெரும்பாலும் குவிகின்றன.

தடைகள்

தொலைவும் சாலையும்

கல்வி உரிமைச் சட்ட விதிகளின்படி தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டர் தொலைவுக்குள்ளும், நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டர் தொலைவுக்குள்ளும் இருத்தல் வேண்டும். சமவெளியில் 3 கிலோமீட்டர் என்பது அரை மணி நேர நடை. மலையில் அது ஏற்றமும் இறக்கமும் ஓடைகளும் காடும் நிறைந்த பாதை. மழைக்காலத்தில் கடக்க இயலாமலும் போகும். அரசநத்தம், கலசப்பாடி போன்ற சிற்றூர்கள் நீண்ட காலம் முறையான சாலை இன்றியே இருந்தன. சாலை கேட்டு மக்கள் பலமுறை கோரிக்கை எழுப்பியுள்ளனர்.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்க ஊரை விட்டு வெளியே செல்ல வேண்டியோர் பலர். சிறுவன் தனியாகவோ நண்பர்களுடனோ காட்டுப் பாதையில் நடப்பதைப் பெற்றோர் ஏற்கின்றனர். வயதுக்கு வந்த மகளை அவ்வாறு அனுப்பத் தயங்குகின்றனர். ஒரே பாதை, ஒரே தொலைவு ஆயினும் சிறுமிக்கு மட்டும் அது கூடுதல் தடையாக மாறுகிறது.

தமிழ்நாட்டில் 2001-02 இல் மேல்நிலை வகுப்பில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டு, பின்னர் பிற மாணவருக்கும் விரிவாக்கப்பட்டது. சமவெளியில் பெண் கல்விக்குத் துணைபுரிந்த இத்திட்டம், மிதிவண்டி செல்ல இயலாத மலைப்பாதையில் பயன் குறைந்தது என்பது வெளிப்படை.

வன உரிமைச் சட்டம், 2006 இதற்கு ஒரு வழியைக் காட்டுகிறது. இச்சட்டத்தின் 3(2) பிரிவின்படி, கிராம சபையின் பரிந்துரையின் பேரில், பள்ளி, அங்கன்வாடி, சாலை முதலியவற்றுக்காக ஒவ்வொன்றுக்கும் 1 எக்டேருக்குக் குறைவான வனநிலத்தை ஒதுக்கலாம்; எக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. ஆனால் தமிழ்நாட்டில் இச்சட்டத்தின்படி உரிமைப் பட்டா வழங்குவது நீதிமன்ற ஆணைகளால் பல ஆண்டுகள் தடைப்பட்டுக் கிடந்தது. உச்ச நீதிமன்றம் 2016 இல் தடையை நீக்கிய பின்னரே பணிகள் வேகம் பெற்றன.

உண்டு உறைவிடப் பள்ளிகள்

தொலைவுக்குத் தீர்வாக அரசு உருவாக்கியது பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஆகும். இங்கு மாணவர் தங்கி, உண்டு, படிக்கின்றனர். சித்தேரியிலும் இத்தகைய பள்ளி இயங்குகிறது. கல்வியில் பின்தங்கிய ஒன்றியங்களுக்காக 2004 இல் தொடங்கப்பட்ட கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா எனும் நடுவண் அரசின் திட்டத்தின் கீழும் சிறுமியருக்கான உறைவிடப் பள்ளிகள் நடத்தப்படுகின்றன. தொடக்கத்தில் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு என அமைந்த இத்திட்டம், 2018 இல் 12 ஆம் வகுப்பு வரை விரிவாக்க வழி செய்யப்பட்டது.

சிறுமியரைப் பொறுத்த வரையில் உறைவிடப் பள்ளியின் வெற்றி பாடத்திட்டத்தை விடக் கட்டடத்தையும் பணியாளரையும் சார்ந்தது. தண்ணீர் வரும் கழிப்பறை, பூட்டக்கூடிய கதவு, சுற்றுச்சுவர், இரவில் தங்கும் பெண் காப்பாளர் ஆகிய நான்கும் இருந்தால் பெற்றோர் மகளை அனுப்புவர். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் விடுமுறைக்கு வீடு வந்த சிறுமி திரும்பிச் செல்லாமல் நின்றுவிட வாய்ப்பு உண்டு. ஆசிரியர் பணியிடங்கள் நிரப்பப்படாமல் இருப்பதும் இப்பள்ளிகளில் அடிக்கடி எழும் குறையாகும். கணிதத்துக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் இல்லாத பள்ளியில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வே இடைநிற்றலுக்கு வாயிலாகிவிடுகிறது.

வேலைதேடி இடம்பெயர்தல்

பெற்றோர் இருவரும் பல மாதங்கள் வெளியூர் சென்றால், குழந்தைகளை உடன் அழைத்துச் செல்வர். அல்லது பாட்டியிடம் விட்டுச் செல்வர். முதல் வழியில் பள்ளி ஆண்டு இடையில் முறிகிறது. இரண்டாம் வழியில் மூத்த மகள் வீட்டின் பொறுப்பை ஏற்கிறாள். சமைத்தல், தண்ணீர் கொண்டுவருதல், ஆடு மேய்த்தல், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளுதல் ஆகிய வேலைகளுக்குக் கூலி இல்லை என்பதால் இவை குழந்தை உழைப்பாகக் கணக்கில் வருவதில்லை. ஆயினும் இவை பள்ளி நேரத்தையே எடுத்துக்கொள்கின்றன.

இளவயதுத் திருமணம்

பள்ளியில் இருந்து நின்ற சிறுமிக்கு விரைவில் திருமணம் பேசப்படுகிறது. திருமணத்தால் படிப்பு நிற்பதைப் போலவே, படிப்பு நிற்பதால் திருமணம் நிகழ்வதும் உண்டு. வீட்டில் இருக்கும் மகளுக்குப் பாதுகாப்பாகத் திருமணத்தையே பெற்றோர் கருதுகின்றனர். ஆகவே தடைச் சட்டம் மட்டும் போதுமானதன்று. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2012 நடைமுறைக்கு வந்தபின், 18 வயதுக்கு உட்பட்டவரின் கருவுறுதலைப் பற்றி மருத்துவமனை காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம் ஆகும். சிறுமியரைக் காக்க வந்த இவ்விதி, வழக்குக்கு அஞ்சும் குடும்பங்கள் மருத்துவ உதவியை நாடத் தயங்கவும் காரணமாகிறது.

சாதிச் சான்றிதழ்

தமிழ்நாட்டில் பழங்குடியினர் சாதிச் சான்றிதழை வழங்கும் அதிகாரம் 1989 நவம்பர் முதல் வட்டாட்சியரிடம் இல்லை. வருவாய்க் கோட்டாட்சியர் நிலையில் உள்ளவரே வழங்குகிறார். போலிச் சான்றிதழ்களைத் தடுப்பது இதன் நோக்கம். ஆனால் மலைக் குடும்பத்துக்கு இது பல நாள் கூலியை இழந்து, பலமுறை நகரத்துக்குச் செல்லும் வேலையாகிறது. உதவித்தொகைக்கும் கல்லூரி இட ஒதுக்கீட்டுக்கும் இச்சான்றிதழ் தேவை. குடும்பத்தில் முதன்முதலாக மேல்நிலைக் கல்வியை எட்டும் சிறுமிக்கு, காட்டுவதற்குத் தந்தையின் சான்றிதழோ பழைய பள்ளி ஆவணமோ இல்லாமல் போவதும் உண்டு.

வன்முறையின் நிழல்

சித்தேரி வட்டாரத்தின் அண்மைக்கால வரலாற்றில் இரு நிகழ்வுகள் தனித்து நிற்கின்றன.

1992 ஜூன் 20 அன்று, சந்தன மரக் கடத்தல் தொடர்பான தேடுதல் என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகியவற்றைச் சேர்ந்தோர் வாச்சாத்தியில் நுழைந்தனர். மக்கள் தாக்கப்பட்டனர், வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டனர். அவர்களுள் பள்ளி செல்லும் வயதுச் சிறுமியும் இருந்தார். பெண்களும் குழந்தைகளும் சிறையில் அடைக்கப்பட்டனர். மலைவாழ் மக்கள் சங்கமும் இந்தியப் பொதுவுடைமைக் கட்சியும் (மார்க்சியம்) வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றன. 1995 இல் சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி விசாரணை நடுவண் புலனாய்வுச் செயலகத்திடம் (சிபிஐ) ஒப்படைக்கப்பட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அவர்களுள் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டனர். மேல்முறையீட்டை 2023 செப்டம்பர் 29 அன்று தள்ளுபடி செய்த சென்னை உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. நிகழ்வுக்கும் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கும் இடைப்பட்ட காலம் 31 ஆண்டுகள். 1992 இல் முதல் வகுப்பில் இருந்த ஒரு சிறுமிக்கு 2023 இல் பள்ளி செல்லும் வயதில் பிள்ளைகள் இருக்கக்கூடும்.

இரண்டாவது நிகழ்வு 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரப் பிரதேசத்தின் சேசாசலம் காட்டில் நடைபெற்றது. செம்மரம் வெட்ட வந்ததாகக் கூறப்பட்ட தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர் அம்மாநிலச் சிறப்புப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் சித்தேரி மலைச் சிற்றூர்களைச் சேர்ந்தோரும் இருந்தனர். பொருளீட்டுபவரை இழந்த வீட்டில் அடுத்து எடுக்கப்படும் முடிவுகளுள் ஒன்று, பிள்ளைகளுள் யாருடைய படிப்பைத் தொடர்வது என்பதாகும்.

பள்ளி, விடுதி, சான்றிதழ், உதவித்தொகை அனைத்தும் அரசின் வழியாகவே வருகின்றன. மகளை விடுதியில் விடுவது என்பது அவளை அரசின் பொறுப்பில் விடுவதாகும். அரசின் மூன்று துறைகளைச் சேர்ந்தோர் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்ட ஒரு வட்டாரத்தில், அந்நம்பிக்கை தானாக அமையாது. அதை அரசே மீண்டும் ஈட்ட வேண்டியுள்ளது. அவ்வகையில் வாச்சாத்தித் தீர்ப்பு கல்வியோடும் தொடர்புடையது.

போர்ச் சூழல்களுடன் ஒப்பீடு

ஆப்கானித்தானில் தாலிபான் ஆட்சி 2021 செப்டம்பர் முதல் சிறுமியரை இடைநிலைப் பள்ளிகளில் அனுமதிக்கவில்லை; 2022 டிசம்பரில் பல்கலைக்கழகங்களும் பெண்களுக்கு மூடப்பட்டன. அங்கு தடை அரசாணையாக உள்ளது. சித்தேரியில் அத்தகைய ஆணை எதுவும் இல்லை. சட்டம் கல்விக்கு ஆதரவாகவே உள்ளது.

இலங்கையின் எடுத்துக்காட்டு இன்னும் நெருங்கியது. 1945 முதல் இலவசக் கல்வி நடைமுறையில் உள்ள அந்நாட்டில், 1983 முதல் 2009 வரை நடைபெற்ற போரின்போது வடக்கிலும் கிழக்கிலும் பள்ளிகள் இடம்பெயர்ந்தன; பல முகாம்களாயின. போரின் இறுதி ஆண்டுகளில், கட்டாய ஆட்சேர்ப்பில் இருந்து பிள்ளைகளைக் காக்கப் பெற்றோர் இளவயதிலேயே திருமணம் செய்து வைத்தனர். அச்சம் ஏற்படும்போது குடும்பங்கள் முதலில் கைவிடுவது மகளின் படிப்பை; நாடுவது திருமணத்தை. அச்சத்தின் காரணம் வேறாயினும், சித்தேரியில் தொலைவையும் தனிமையையும் அஞ்சும் பெற்றோர் எடுக்கும் முடிவும் இதுவே.

அரசுத் திட்டங்களும் அவற்றின் எல்லையும்

1982 இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமும், 2022 இல் தொடக்க வகுப்புகளுக்கு எனத் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டமும் சிறு குழந்தைகளைப் பள்ளிக்கு ஈர்க்கின்றன. 1989 இல் தொடங்கப்பட்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம், குறிப்பிட்ட வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு நிதி வழங்கியது. பிற பிரிவினருக்குத் தகுதி பத்தாம் வகுப்பாக இருந்தபோது, பழங்குடியினருக்கு ஐந்தாம் வகுப்பே போதுமானதாக இருந்தது. இது சலுகையாக அளிக்கப்பட்டது. ஆனால் படிப்பைத் தொடரத் தூண்டும் திட்டம், பழங்குடிச் சிறுமிக்கு மட்டும் அத்தூண்டுதலை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டது.

2022 செப்டம்பர் 5 அன்று இத்திட்டம் புதுமைப்பெண் திட்டமாக மாற்றப்பட்டது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேரும் மாணவிக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கப்படுகிறது. திருமணத்துக்கு அளித்த நிதியைக் கல்விக்கு அளிப்பது அடிப்படையான மாற்றம் ஆகும். எனினும் இதன் பயன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பின்னரே கிடைக்கிறது.

காலை உணவு முதல் ஐந்து வகுப்புகளுக்கு உரியது; கட்டாயக் கல்வி எட்டாம் வகுப்பு வரை உரியது; புதுமைப்பெண் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் உரியது. இடையில் உள்ள ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளில் குடும்பத்தின் இழப்பை நேரடியாக ஈடுசெய்யும் ஏற்பாடு வலுவாக இல்லை. சட்டத்தில் காணப்பட்ட நான்கு ஆண்டு இடைவெளியே திட்டங்களிலும் காணப்படுகிறது.

கொரோனாத் தொற்றின்போது இது மேலும் வெளிப்பட்டது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள் உயர் வகுப்புகளுக்கு 2021 செப்டம்பரிலும், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பரிலும் முறையாகத் திறக்கப்பட்டன. கைப்பேசியும் அலைத்தொடர்பும் இல்லாத மலைச் சிற்றூர்களில் இணையவழி வகுப்பு நடைமுறைக்கு ஒவ்வாதது. விடுதிகளும் மூடப்பட்டதால் சிறுமியர் வீட்டு வேலைக்குத் திரும்பினர்.

மதிப்பீடு

சித்தேரிச் சிறுமியரின் கல்வித் தடைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே சிறியவையாகத் தோன்றலாம். ஒரு சாலை, ஒரு காப்பாளர், ஒரு கணித ஆசிரியர், ஒரு சான்றிதழ் ஆகியவை பெரும் நிதி தேவைப்படாத செயல்கள். இவை அனைத்தும் ஒரே சிறுமியின் 14 முதல் 18 வரையிலான வயதில் ஒன்றாக வந்து சேர்வதே சிக்கலின் தன்மையாகும். அவற்றுள் மூன்று சரிசெய்யப்பட்டு நான்காவது விடப்பட்டால் அவள் வீட்டில் நின்றுவிடக்கூடும்.

எனவே சேர்க்கை எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் முன்னேற்றத்தை அளப்பது போதாது. எட்டாம் வகுப்பை முடித்த ஒவ்வொரு மலைச் சிறுமியும் அடுத்த ஜூன் மாதத்தில் எங்கு இருக்கிறாள் என்று ஊர்தோறும் பெயர்வாரியாகக் கணக்கெடுப்பதும், எட்டாம் வகுப்பிலேயே பள்ளிக்கு வந்து சாதிச் சான்றிதழ் வழங்குவதும், கட்டாயக் கல்வியின் எல்லையை 18 வயது வரை உயர்த்துவதும் இந்நான்கு ஆண்டுகளைக் கடக்க உதவும் வழிகளாகும். இவற்றுள் முதல் இரண்டுக்கும் புதிய சட்டம் தேவையில்லை.